அடும்புக்குத் தமிழில் பெயர் இல்லையாம்!

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் மலரின் நடுப்பக்கம் முழுக்க நம் மலேசிய நாட்டுக் காட்டுப்பூக்களைப் பற்றி வண்ணப் படங்களோடு ஒரு கட்டுரை வந்திருந்தது. பசியாறக் கடைக்குப் போனவன் ரொட்டி சானாய் ஆறிப்போனது தெரியாமல் படித்தேன். அரசியல்வாதி படம் இல்லாமல் ஒரு நடுப்பக்கம் வருவதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையாளர் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறார் பாருங்கள், அது எனக்கு மூன்று நாளாகச் செரிக்கவில்லை. இந்தப் பூக்களில் பலவற்றுக்குத் தமிழில் பெயரே கிடையாதாம். லத்தீன் பெயர்கள் வாயில் நுழையாதவை, நமக்கு எந்தப் பயனும் இல்லாதவை என்பதால் அவற்றையும் விட்டுவிட்டாராம். ஆக, தமிழ்ப் பெயரும் இல்லை, லத்தீன் பெயரும் இல்லை. படத்துக்குக் கீழே 'ஊதாக் காட்டுப்பூ', 'சிறிய வெள்ளைப் பூ', 'கடற்கரைக் கொடி' என்று போட்டாயிற்று. கல்யாண வீட்டில் எடுத்த படத்துக்குக் கீழே 'சட்டை போட்ட ஆள்', 'சேலை கட்டிய அம்மா' என்று எழுதினால் எப்படி இருக்கும்?

நான் படித்தவன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு பூச்செடி நர்சரியில் 31 வருடம் வேலை பார்த்தவன். தொட்டியில் செருகும் வெள்ளைப் பிளாஸ்டிக் குச்சியில் செடியின் பெயரை எழுதுவது என் பொறுப்பு. பென்சிலில்தான் எழுத வேண்டும், பேனா மை இரண்டு மழைக்குத் தாங்காது. லத்தீன் பெயர் போட்டால் வாங்குகிறவர்கள் இரண்டு வெள்ளி கூடக் கொடுப்பார்கள் என்பது எங்கள் முதலாளி தவுக்கேயின் கணக்கு, அதனால் அர்த்தம் தெரியாமல் மந்திரம் எழுதுவது போல எழுதிக்கொண்டிருந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் அடிக்கடி செடி வாங்க வருவார். ஒருநாள் நான் எழுதிய குச்சியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "ஆல்பா என்றால் வெள்ளை, தம்பி. நீ சிவப்புப் பூவில் கொண்டுபோய் வெள்ளை என்று குத்தி வைத்திருக்கிறாய்" என்று சிரித்தார். மருந்துச் சீட்டு படித்துப் பழகிய லத்தீன் அவருக்கு. அன்றிலிருந்து குச்சியில் எழுதும் ஒவ்வொரு பெயருக்கும் அர்த்தம் கேட்காமல் அவரை நான் விட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் முதல் படம், தெலுக் பஹாங் கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கும் அந்த ஊதாப்பூக் கொடி. அதற்கா தமிழில் பெயர் இல்லை? அது அடும்பு ஐயா. நெய்தல் நிலத்து அடும்பு. குறுந்தொகை 243ஆம் பாட்டில் 'மானடி அன்ன கவட்டிலை அடும்பின்' என்று வருகிறது, அதாவது மானின் அடி போலப் பிளந்த இலையுடைய அடும்பு. மாலையில் கோத்த மணி போன்ற அதன் பூவைக் கொய்து பெண்கள் மணலில் விளையாடுகிறார்கள் அந்தப் பாட்டில். இப்போது லத்தீன் பெயரைப் பாருங்கள். இப்போமியா பெஸ்-காப்ரே. பெஸ் என்றால் பாதம், காப்ரே என்றால் ஆட்டினுடைய. ஆட்டுக்கால்! லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் 1753இல் வைத்தது. அவர் குறுந்தொகை படித்திருக்க வழியே இல்லை, ஆனாலும் அந்த இலையைப் பார்த்ததும் பிளந்த குளம்புதான் ஞாபகம் வந்திருக்கிறது. மலாய்க்காரர்கள் 'தாப்பாக் கூடா' என்கிறார்கள், குதிரைக் குளம்பு. மான், ஆடு, குதிரை என்று ஒரே இலையில் மூன்று பிராணிகள் நடந்துபோயிருக்கின்றன. இதில் யார் சரி என்று கேட்டால் நான் மானுக்கும் ஆட்டுக்கும்தான் ஓட்டுப் போடுவேன், ஏனென்றால் குதிரைக் குளம்பில் பிளவு கிடையாது. நம்பாதவர்கள் அடுத்த முறை பத்து பெரிங்கி போகும்போது ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள். காம்பிலிருந்து பால் சொட்டும், கையைத் துடைத்துக்கொண்டு இலையை உள்ளங்கையில் விரித்தால் நுனியில் நடுவே வெட்டு விழுந்து இரண்டு பக்கமும் உருண்டு, மணலில் ஆட்டுக்குட்டி ஒரு காலை ஊன்றி எடுத்த மாதிரியே இருக்கும். முன்பாதியான இப்போமியாவுக்குப் புழுவைப் போன்றது என்று அர்த்தம், கிரேக்கச் சொல்லாம். கொடி சுற்றி வளைந்து போவதைப் பார்த்து வைத்தது. அதை நான் அவ்வளவாக ரசிக்கவில்லை.

இரண்டாவது படம், 'ஊதாக் காட்டுப்பூ'. மலாயில் செண்டுடோக். ரோட்டோரம், மண்மேடு, பால்மரக் காட்டின் ஓரம் என்று வெயில் படும் எந்த இடத்திலும் தானாக முளைத்து நிற்கும். நான் பிறந்தது கெடா எல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். பள்ளிவிட்டு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு வரும் வழியெல்லாம் இந்தச் செடிதான். பழம் முற்றினால் கண்டபடி வெடித்துத் திறந்துகொள்ளும், உள்ளே மைபோலக் கரும் ஊதாச் சதை, அதில் பொடிப் பொடியாக விதை. லேசாக இனிக்கும், கொஞ்சம் துவர்க்கும். நாலு பழம் தின்றால் நாக்கு, உதடு, பல் எல்லாம் கறுத்துப் போகும், யார் வழியில் நின்று தின்றுவிட்டு நேரம் கழித்து வந்தான் என்று அம்மாவுக்கு வாயைத் திறக்கச் சொன்னாலே தெரிந்துவிடும். நாங்கள் பிள்ளைகள் அதை நாக்குக்கறுப்பான் என்றுதான் சொல்வோம். எத்தனையோ வருடம் கழித்து நர்சரியில் மெலாஸ்டோமா என்று குச்சியில் எழுதிவிட்டு டிரசர் ஐயாவிடம் கேட்டால், கிரேக்கத்தில் மெலாஸ் என்றால் கறுப்பு, ஸ்டோமா என்றால் வாய் என்கிறார். கறுப்பு வாய்! லயத்துப் பிள்ளைகள் வைத்த பெயரும் பெரிய பெரிய படிப்பாளிகள் வைத்த பெயரும் ஒன்றுதான் என்று தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது சொல்லி மாளாது.

அதன் பின்பாதி இன்னும் வேடிக்கை. மலபாத்ரிகம். மலபாரிலிருந்து வந்ததால் அந்தப் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் வாங்க வருகிறவர்களிடம் அடித்துவிட்டிருக்கிறேன். அது அப்படி இல்லை. மலபாத்ரம் என்பது பழைய ரோமாபுரிக்காரர்கள் நம் பக்கத்திலிருந்து கப்பல் கப்பலாக வாங்கிப்போன ஒரு வாசனை இலை. சேரநாட்டு முசிறித் துறைமுகத்தில் மிளகோடு சேர்ந்து அந்த இலையும் ஏற்றுமதியானது. தமாலபத்திரம் என்பது வடமொழிப் பெயர், நாம் இலவங்கப்பத்திரி என்போம், பிரியாணியில் போடும் இலை. 'தமாலபத்திர' என்று வந்த சொல்லில் முதலில் நிற்கும் 'த'வைக் கிரேக்கர்கள் தங்கள் மொழியில் பன்மைக்கு முன்னால் போடும் சுட்டுச்சொல் என்று நினைத்துப் பிய்த்துப் போட்டுவிட்டார்கள், மிச்சம் நின்றது மலபாத்ரம். அந்த இலையில் அடியிலிருந்து நுனிவரை மூன்று நரம்பு நீளவாக்கில் ஓடும். நாக்குக்கறுப்பான் இலையிலும் நரம்புகள் அப்படியே நீளமாக ஓடும், அந்தச் சாயலால்தான் லின்னேயஸ் இந்தப் பெயரைச் சேர்த்தார். ஆக, ரோட்டோரம் நாம் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு புதருக்குள் முசிறித் துறைமுகம் ஒளிந்துகொண்டிருக்கிறது. இதைத்தான் பயனில்லாத பெயர் என்று உங்கள் கட்டுரையாளர் தூக்கிப் போட்டுவிட்டார்!

தொட்டாற்சிணுங்கியைப் பற்றி நீட்ட வேண்டாம், எல்லாருக்கும் தெரிந்த செடி. லத்தீனில் மிமோசா புடிகா, புடிகா என்றால் நாணமுள்ளவள். மலாயில் செமாலு, அதுவும் வெட்கம்தான். தமிழன் மட்டும் அதில் வெட்கத்தைப் பார்க்கவில்லை, தொட்டதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிணுங்கும் சின்னப்பிள்ளையைப் பார்த்திருக்கிறான். என் கணக்கில் மூன்றில் இதுதான் முதல் மார்க். இத்தனைக்கும் அது நம் மண்ணுச் செடியே இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

இன்னொன்று. நாம் இருக்கும் தீவுக்கே பெயர் பாக்கு. பூலாவ் பினாங் என்றால் பாக்குத் தீவு என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும், ஆனால் பாக்கு மரத்தின் லத்தீன் பெயருக்குள் நாம் இருப்பது தெரியாது. அரெகா காட்டெச்சு. அரெகா என்பது லத்தீன் மாதிரி தெரியும், அது நம் அடைக்காய். மலையாளத்தில் அடக்கா. போர்ச்சுக்கீசியர் வாயில் விழுந்து அப்படி ஆகிவிட்டது. காட்டெச்சு என்பது மலாயில் காச்சு, நம்மிடம் காசுக்கட்டி. இதில் ஒரு தப்பும் இருக்கிறது, காசுக்கட்டி பாக்கிலிருந்து வருவதில்லை, வேறொரு மரத்தின் கட்டையைக் காய்ச்சி எடுப்பது. பாக்கோடு சேர்த்து மெல்லுவதால் வெள்ளைக்காரர்கள் குழம்பிவிட்டார்கள், குழப்பம் அப்படியே பெயராக நின்றுவிட்டது. வெற்றிலைக்கு பைப்பர் பீட்டில், அந்தப் பீட்டிலும் வெற்றிலைதான். இனிமேல் நிச்சயத் தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் லத்தீன் தட்டும் அதுதான் என்று நினைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சொற்கள் எல்லாம் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தன என்றால் அதற்கும் ஒரு கதை உண்டு. கொச்சியில் டச்சுக்காரர்களின் தலைவராக இருந்த வான் ரீட் என்பவர் மலபார் பக்கத்துச் செடிகளை எல்லாம் வரையச் செய்தார், அவை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை அச்சில் வந்தன. இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர்தான் செடிகளின் பெயரையும் குணத்தையும் சொன்னவர்களில் முக்கியமானவர். லின்னேயஸ் பிற்பாடு பெயர் வைக்க உட்கார்ந்தபோது அந்தத் தொகுதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அதனால்தான் முருங்கைக்கு மொரிங்கா, பசளைக்கு பசெல்லா. வேலியோரம் சிவப்பாகக் கொத்துக் கொத்தாக நிற்கிறதே இட்லிப்பூ, அதுதான் வெட்சி, அதற்கு இக்சோரா. ஈசுவரா என்ற பெயரைத்தான் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுச் சாமி!

கறிவேப்பிலை கதையையும் சொல்லிவிடுகிறேன், பூவைப் பற்றிய கடிதத்தில் தழை எதற்கு என்று கேட்காதீர்கள். அதன் லத்தீன் பெயரில் வரும் கோனிகீ என்பது யோகான் கோனிக் என்ற மருத்துவரைக் குறிக்கிறது. லின்னேயஸின் மாணவர். தரங்கம்பாடிக்கு 1768இல் வந்தவர், 1779 வாக்கில் சயாமுக்கும் மலாக்காவுக்கும் வந்து செடி தேடியிருக்கிறார். தரங்கம்பாடியிலிருந்து மலாயாவுக்கு வந்தவர் பெயர் நம் ரசத்தில் மிதக்கிறது.

பெயர் வைப்பதில் எல்லாமே பெருமையான கதை என்று நினைக்க வேண்டாம். நான்காவது படத்தில் 'நீலச் சிறுபூ' என்று போட்டிருந்தீர்கள், அது கானாவாழை. காலையில் பூத்து மதியத்துக்குள் வாடிவிடும். இரண்டு இதழ் பெரிதாக நீலமாக நிற்கும், மூன்றாவது இதழ் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். லத்தீனில் கொமெலினா. ஹாலந்தில் கொமெலின் என்று ஒரு குடும்பம், அதில் இரண்டு பேர் பேர்பெற்ற தாவரவியலாளர்கள், மூன்றாமவர் எதையும் சாதிக்காமல் செத்துப்போனார். அந்த மூன்று பேருக்குத்தான் இந்த மூன்று இதழ் என்று லின்னேயஸே எழுதி வைத்திருக்கிறார். மனுஷனுக்கு எவ்வளவு குசும்பு பாருங்கள். சீக்கிரம் செத்துப்போன பாவத்துக்கு உலகம் முழுக்க ஒவ்வொரு நாளும் காலையில் பூத்து அவரைக் குத்திக்காட்டிக்கொண்டிருக்கிறது அந்தச் செடி.

சங்குப்பூவும் இருந்தது, அதற்கு மட்டும் தமிழ்ப் பெயர் போட்டிருந்தீர்கள், சந்தோஷம். பழைய பெயர் கருவிளை, கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் ஒன்று. இங்கே மலாயாச் சீனர் வீட்டு ஞோஞா பலகாரத்துக்கு நீலச் சாயம் கொடுப்பதும் இதுதான். லத்தீன் பெயரின் முன்பாதியை நான் இந்தக் குடும்பப் பத்திரிகையில் விளக்கப்போவதில்லை. பின்பாதி தெர்னாத்தியா, இந்தோனேசியாவில் தெர்னாத்தே என்று ஒரு தீவு, அதன் பெயர். அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கட்டுரையில் நேரடியாகத் தப்பான ஓர் இடம், அதைத் திருத்தியே ஆக வேண்டும். பினாங்குக் கொடிமலையில் எடுத்த படத்துக்குக் கீழே 'குடுவை வடிவப் பூ' என்று இருக்கிறது. அது பூவே இல்லை. பூச்சி பிடிக்கும் செடி அது, அதன் இலையின் நுனிதான் நீண்டு தொங்கிக் குடுவையாகிறது, பூ தனியாக மேலே கதிர்போல எழும்பும், அழகில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இருக்காது. மலாயில் பெரியோக் கெரா, குரங்குச் சட்டி. அந்தச் சட்டியைக் கழுவி உள்ளே புளூட் என்கிற ஒட்டும் அரிசியும் தேங்காய்ப்பாலும் ஊற்றி அவிப்பார்கள், நான் சாப்பிட்டிருக்கிறேன், நன்றாகவே இருக்கும். உங்கள் படத்தில் வாய்க்குக் கீழே சுற்றிலும் ஒரு வெள்ளைப் பட்டை தெரிகிறது, அதனால் அது நெப்பெந்தீஸ் அல்போமார்ஜினேட்டாதான். அல்போ வெள்ளை, மார்ஜின் ஓரம். டிரசர் ஐயா எனக்குச் சொன்ன முதல் வார்த்தை இங்கேயும் வருகிறது பாருங்கள். அந்த வெள்ளைப் பட்டை மென்மையான மயிர்போல இருக்கும், கரையான்கள் அதைத் தின்ன வரிசை கட்டி வந்து வழுக்கி உள்ளே விழும். எல்லாவற்றையும் தின்று முடித்த பிறகு அந்தக் குடுவையில் வெள்ளைப் பட்டை இருக்காது, கரையானும் திரும்பிப் பார்க்காது. நெப்பெந்தீஸ் என்றால் துக்கம் இல்லாதது. ஹோமர் காவியத்தில் ஹெலன் துயரத்தை மறக்க மதுவில் கலந்து கொடுக்கும் மருந்தின் பெயர் அது. கரையானிடம் கேட்டால் வேறு பெயர் சொல்லும்.

கட்டுரையாளரைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. படம் எல்லாம் அவரே போய் எடுத்ததாகப் போட்டிருக்கிறது, கொடிமலைக்கும் தெலுக் பஹாங்குக்கும் அலைந்திருக்கிறார், அந்த உழைப்புக்குக் கை கொடுக்கிறேன். 'சிறிய வெள்ளைப் பூ' என்று அவர் போட்டிருப்பதை எங்கள் அண்ணன் மகன் செம்பனைத் தோட்டத்தில் தினமும் மருந்தடித்துக் கொல்கிறான், அவனை வேலை வாங்கும் மண்டோர் அதை 'ரும்புட் இஸ்ராயில்' என்பார். லத்தீனில் அசிஸ்டாசியா காஞ்செட்டிகா. காஞ்செட்டிகா என்றால் கங்கைக் கரையது. கங்கையின் பெயரைச் சுமக்கிற செடிக்கு இங்கே களைக்கொல்லி அபிஷேகம். இதையெல்லாம் சொன்னால் அவன் சிரிக்கிறான், ஆனால் மறுநாள் படம் எடுத்து வாட்சாப்பில் அனுப்பி "சித்தப்பா, இதுக்கு என்ன பேரு?" என்று இன்னொரு களையைக் கேட்கிறான்.

என் வேண்டுகோள் இதுதான் ஐயா. அடுத்த ஞாயிறு தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் மூன்று பெயர் போடுங்கள்: தமிழ், மலாய், லத்தீன். லத்தீனைத் தமிழ் எழுத்திலேயே போட்டால் போதும், அடைப்புக்குறிக்குள் ஒரு வரி அர்த்தம். இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சின்னதாக்குங்கள், நாங்கள் கண்ணாடி போட்டுப் படித்துக்கொள்கிறோம். தமிழ்ப் பெயர் தெரியாத பூ வந்தால் 'பெயர் இல்லை' என்று முடிவு கட்டாமல் வாசகர்களிடம் கேளுங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தோம், இன்னும் ஞாபகம் வைத்திருக்கிற கிழவன் கிழவிகள் இருக்கிறோம். தோட்டத்தைத் துண்டாடி விற்று லயத்தை இடித்தபோது எங்களைப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள், பெயர்களை யாரும் லாரியில் ஏற்றவில்லை.

அப்புறம், படம் சரியாகத் தெரியாத ஏழாவது பூவை எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். அச்சில் மை அப்பிவிட்டது, தும்பையா வேறா என்று சொல்ல முடியவில்லை.

இப்படிக்கு,
பழைய குச்சிக்காரன்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.

பி.கு.: கடைசிப் படமாக வந்திருக்கும் செங்காந்தளைத் தலைகீழாக அச்சடித்துவிட்டீர்கள், காம்பு மேலே போகிறது. குளோரியோசா சுப்பர்பா என்று புகழும் செருக்கும் சேர்த்துப் பெயர் வாங்கிய பூ, தமிழ்நாட்டின் மாநில மலர், அதைப் போய்க் கவிழ்த்து வைத்திருக்கிறீர்களே என்று கோபம்தான் வந்தது. ஆனால் இதழ்கள் எல்லாம் பின்னால் மடங்கி மேல்நோக்கி நிற்பதால் மலாய்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே 'கெம்பாங் சொங்சாங்', தலைகீழ்ப் பூ. அதனால் அந்த ஒரு தப்பை மட்டும் விட்டுவிடுகிறேன்.